வெள்ளிக் காசின் நாணயம்

சென்ற தவணையில் ஒரு நாள் காலை, பத்தாந்தர மாணவி ஒருத்தி லேஞ்சி முடிச்சொன்றை அவிழ்த்து மூன்று வெள்ளிக் காசுகளை என் மேசையில் வைத்தாள்.

"எங்கட உம்மும்மாட காசு, டீச்சர். பழைய சாமான் வாங்குற ஆளொருவர் வந்து பார்த்தார். மூண்டும் ஒரே மாதிரி வெள்ளிதான், மூண்டுக்கும் ஒரே விலை எண்டு சொன்னார். குடுக்கிறதா, விடுறதா எண்டு உம்மும்மா கேட்டு வரச் சொன்னா."

கிளிவெட்டி வயல்வெளியை ஒட்டிய வீடு அவர்களுடையது. 2006 ஓகஸ்ட்டில் மூதூர் மக்கள் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தபோது, அந்த மூதாட்டி முந்தானையில் முடிந்து கொண்டுபோனவை இந்தக் காசுகள். பெட்டகமும் பித்தளைச் சாமான்களும் போய்விட்டன. இவை மூன்றும் மிஞ்சின. இப்போது வீட்டுக் கூரைக்கு ஓடு மாற்ற வேண்டியிருக்கிறது. அதனால்தான் விற்கும் எண்ணம்.

அன்று மாலை விஞ்ஞான ஆசிரியையின் உதவியுடன் ஆய்வுகூடத்தில் அக்காசுகளைச் சோதித்தோம். அப்போது கற்றவற்றை எல்லா மாணவிகளுக்கும் பெற்றோருக்கும் பயன்படும்படி இங்கே தருகிறேன். நம் பகுதியில் பல வீடுகளில் இத்தகைய காசு ஒன்றிரண்டு இருக்கும். அறியாமல் விற்பதும், அறியாமல் விளக்கிக் கெடுப்பதும் அடிக்கடி நடக்கின்றன.

கொட்டியாரத்துக் கைதி கண்ட சோதனை

வெள்ளிக் காசைச் சோதிக்கும் வழக்கம் இந்நாட்டில் பழையது. அதை எழுதி வைத்தவர்களுள் ஒருவர் நம் ஊர்க் கரையிலேயே பிடிபட்டவர். புயலில் பாய்மரம் இழந்த ஆன் என்னும் ஆங்கிலக் கப்பல், அதைச் செப்பனிடுவதற்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. கப்பல் தலைவரும் அவருடைய மகன் றொபர்ட் நொக்ஸும் வேறு சிலரும் 1660இல் கண்டி அரசனின் ஆட்களால் பிடிக்கப்பட்டனர். தந்தை மறுவருடமே இறந்தார். மகன் ஏறக்குறைய 19 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் இருந்து, 1679இல் தப்பினார். அவர் இலங்கையைப் பற்றி எழுதிய நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது.

அந்நூலில் அவர் மூவகைக் காசுகளைக் குறிப்பிடுகிறார். ஒன்று போர்த்துக்கீசர் அடித்தது. இன்னொன்று அரசனுக்கே உரிய சிறு பணம். அதை வேறு எவரும் அடித்தால் மரண தண்டனை. மற்றது தூண்டில் வடிவான வெள்ளிக் காசு. இதை அரசனின் அனுமதியோடு யாரும் செய்யலாம். விரும்பிய முத்திரையை இடலாம்.

யாரும் செய்யலாம் என்றால் ஏமாற்றை எப்படித் தடுப்பது? அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. சந்தேகம் வந்தால் காசைச் செந்தணலாகும்வரை தீயில் காய்ச்சி நீரில் போடுவார்கள். எடுக்கும்போது தூய வெண்மையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது செல்லாது.

இந்தச் சோதனைக்கு நல்ல காரணம் உண்டு. வெள்ளியைச் சூடாக்கினால் அது ஒட்சிசனோடு சேர்ந்து நிலைப்பதில்லை. வெள்ளி ஒட்சைட்டு சூட்டில் பிரிந்துவிடும். ஆகவே தூய வெள்ளி வெண்மையாகவே இருக்கும். செம்பு அப்படியல்ல. காற்றில் காய்ச்சினால் கரிய செப்பு ஒட்சைட்டு படியும். வெள்ளியில் செம்பைக் கலந்தவனைத் தீ காட்டிக் கொடுத்துவிடும்.

தூண்டில் காசின் மூலம் ஈரானின் லார் நகரம். அதனால் அதற்கு லாரின் என்று பெயர். வெள்ளிக் கம்பியை இரண்டாக மடித்து, தட்டி, முத்திரையிட்டு அதைச் செய்தார்கள். அராபிய, பாரசீக வணிகர் இந்து சமுத்திரத் துறைமுகங்களெங்கும் அதைக் கொண்டு சென்றனர். மாலைதீவின் இன்றைய சில்லறைக் காசுக்கு லாரி என்ற பெயர் வந்ததும் இதிலிருந்துதான். இலங்கையில் அதை வளைத்துத் தூண்டிலாக்கினர். பல காசுகளில் அரபு எழுத்தைப் பார்த்து வெட்டிய முத்திரை இருக்கும். எழுத்து அறியாதவர்கள் வெட்டியதால் அவற்றில் சில வாசிக்க முடியாதவை. சிலவற்றில் உளியால் வெட்டிப் பார்த்த தழும்பும் இருக்கும். உள்ளே செம்புக் கம்பி இருக்கிறதா என்று அக்கால வணிகர் தேடிய அடையாளம் அது.

ஒரு கேள்வியல்ல, மூன்று

மாணவிகளுள் ஒருத்தி கேட்டாள்: "அப்ப நாங்களும் தீயில போட்டுப் பார்ப்பமா, டீச்சர்?"

வேண்டாம் என்றேன். காரணத்தைக் கவனியுங்கள். பிரித்தானிய இந்தியாவின் பழைய வெள்ளி ரூபாவில் 12 பங்கில் 11 பங்கு வெள்ளி, 1 பங்கு செம்பு. அது அரசு அடித்த உண்மையான காசு. ஆனால் தீயில் இட்டால் அந்தச் செம்பு கறுக்கும். நொக்ஸ் கண்ட சந்தையில் அது தோற்றுவிடும். மறுபுறம், இன்று ஒருவர் தூய வெள்ளிக் கம்பியில் போலி லாரின் செய்தால் அது தீயில் வெளுத்து வெற்றி பெறும். அது பழைய காசும் அல்ல, உண்மையான காசும் அல்ல.

தீ கேட்ட கேள்வி ஒன்றே: உலோகம் தூயதா? அக்காலச் சந்தைக்கு அது போதும். நமக்கு மூன்று கேள்விகள் உண்டு. இக்காசு தன்னைப் பற்றிச் சொல்லும் ஊரிலும் ஆண்டிலும் அடிக்கப்பட்டதுதானா? அதில் வெள்ளி எவ்வளவு? அது எந்த நிலையில் நம் கைக்கு வந்திருக்கிறது? இவற்றைத் தனித்தனியே கேட்க வேண்டும். மூன்றையும் ஒன்றாக்கி ஒரே விலை சொல்பவரிடம் அவசரப்பட்டு எதையும் கொடுக்கக்கூடாது.

நாணயம் பார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவரைப் பழந்தமிழில் வண்ணக்கன் என்றார்கள். சங்கப் புலவர்களுள்ளும் வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் என்று ஒருவர் உண்டு. கிழக்கிலங்கையில் இச்சொல் இன்றும் வாழ்கிறது. மட்டக்களப்புப் பகுதிக் கோயில்களின் பரிபாலகரை வண்ணக்கர் என்கிறார்கள். பொதுப் பணத்தை நம்பி ஒப்படைக்கத்தக்கவர் என்பதை அப்பெயர் நினைவூட்டுகிறது.

இனிச் சோதனைக்கு வருவோம். காசுக்குச் சேதம் வராத முறைகள் மட்டுமே இங்கு உள்ளன.

முதலாவது: கண்ணால் பார்த்தல்

காசை விளிம்பில் பிடியுங்கள். முகத்தில் விரல் படக்கூடாது. பகல் வெளிச்சத்தில், பூதக்கண்ணாடியால் பாருங்கள்.

அச்சில் அடித்த காசின் எழுத்துகள் தளத்திலிருந்து தெளிவாக எழுந்து நிற்கும். அச்சில் வார்த்த போலியில் எழுத்தின் ஓரங்கள் கரைந்த சவர்க்காரம்போல மழுங்கியிருக்கும். தளத்தில் காற்றுக் குமிழின் சிறு குழிகள் காணப்படும். விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரியலாம்.

"பழைய காசு என்றால் தேய்ந்திருக்காதா?" என்று கேட்பீர்கள். தேயும். ஆனால் தேய்வுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. கைபடும் மேடுகளே முதலில் தேயும். அரசனின் முடி, காது, மேலங்கியின் மடிப்பு ஆகியவை. எழுத்துகளின் இடுக்குகளில் விரல் போகாது, ஆகவே அங்கே கூர்மை மிஞ்சியிருக்கும். மேடும் பள்ளமும் ஒரே அளவில் மழுங்கியிருந்தால் அது தேய்வல்ல, வார்ப்பு என்று சந்தேகியுங்கள். விளிம்பின் வரிகளையும் பாருங்கள். அவை சுற்றிலும் சீரான இடைவெளியில் இருக்க வேண்டும்.

இரண்டாவது: வாசித்தல்

காசு தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்று வாசியுங்கள். அரசன், ஆண்டு, மதிப்பு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஐந்தாம் ஜோர்ஜின் ரூபாவில் ஆங்கிலத்தோடு பாரசீக எழுத்திலும் ஒரு ரூபா என்று இருக்கும். குர்ஆன் ஓதப் பழகிய உங்களுக்கு அவ்வெழுத்துகள் பழக்கமானவை. இது உங்களுக்குள்ள ஒரு வசதி.

முகலாயரின் காசுகளில் ஹிஜ்ரி ஆண்டு இருக்கும். 1961இல் நம் தீவின் தென்கிழக்குக் கடலில், கிரேட் பாசஸ் பாறைத் தொடரருகே, மைக் வில்சனும் அவரோடு சென்ற இரு சிறுவர்களும் மூழ்கிய கப்பலொன்றின் வெள்ளிக் காசுகளைக் கண்டெடுத்தனர். வில்சனும் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அதற்கு முன்பு நம் திருகோணமலைக் கடலிலும் சுழியோடியவர்கள். அக்காசுகள் ஔரங்கசீப்பின் பெயரில் சூரத்தில் அடித்த ரூபாக்கள், ஆண்டு 1113. ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் ஏறத்தாழ கிறிஸ்து ஆண்டு வரும். 1113க்கு 1701 அல்லது 1702. கப்பல் எக்காலத்தது என்பதை அந்த எண்ணே காட்டிக் கொடுத்தது. காசைத் தேய்த்து எண்ணை அழித்துவிட்டால் இத்தகைய சாட்சியையும் அழித்துவிடுகிறோம்.

ஆண்டு முக்கியம் என்பதற்கு இன்னோர் உதாரணம் 1911இன் ரூபா. அரசனின் அங்கியில் தொங்கும் சின்னத்திலுள்ள யானை, தும்பிக்கை குறுகிப் பன்றிபோலத் தோன்றியது. இந்திய முஸ்லிம்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அக்காசை நிறுத்தி, 1912இல் தும்பிக்கையைத் தெளிவாக்கி வெளியிட்டார்கள். 1911 என்று பொறித்த காசில் நீண்ட தும்பிக்கை தெளிவாகத் தெரிந்தால் ஆண்டில் கைவைத்திருக்கிறார்களா என்று கேட்கத்தான் வேண்டும்.

மூன்றாவது: நிறுத்தல்

0.01 கிராம் காட்டும் இலத்திரனியல் தராசு வேண்டும். வெள்ளி ரூபாவின் நிறை 11.66 கிராம், அதுவே ஒரு தோலா. இலங்கையில் 1892 முதல் வெளிவந்த வெள்ளிச் சில்லறையில் 50 சதம் 5.83 கிராம், 25 சதம் 2.92 கிராம், 10 சதம் 1.17 கிராம். தேய்ந்த காசு சற்றுக் குறையலாம். ஆனால் அதிக தேய்வில்லாத காசு ஒரு கிராம் குறைந்தால் அது தேய்வின் வேலையல்ல. நிறை கூடினாலும் சந்தேகியுங்கள். ஆனால் பழைய காசுகளில் மாலையில் கோக்க வளையம் பற்றவைத்திருப்பார்கள். அதன் ஈயப்பற்று நிறையைக் கூட்டும்.

நான்காவது: காந்தமும் ஒலியும்

வெள்ளியைக் காந்தம் இழுக்காது. ஒட்டிக்கொண்டால் அது வெள்ளியல்ல. இரும்பு அல்லது நிக்கல். ஒட்டாவிட்டால் வெள்ளி என்று முடிவுகட்டவும் கூடாது. செம்பையும் பித்தளையையும்கூடக் காந்தம் இழுக்காது.

காசை விரல் நுனியில் நிறுத்திப் பென்சிலால் மெதுவாகத் தட்டினால் நல்ல வெள்ளி நீண்டு ஒலிக்கும். ஈயக் கலவை டொக்கென்று அடங்கும். உண்மையான காசும் வெடித்திருந்தாலோ வளையம் பற்றியிருந்தாலோ மந்தமாக ஒலிக்கும். ஆகவே ஒலி ஒரு துணைச் சாட்சியே. தரையில் எறிந்து பார்க்காதீர்கள், விளிம்பு நசியும்.

ஐந்தாவது: நீரில் அளத்தல்

இதுவே மிகவும் பயனுள்ளது. தராசின் மேல் பாதியளவு நீருள்ள கண்ணாடிக் குவளையை வைத்து, தராசைச் சுழியாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி நீரில் முழுவதும் அமிழ்த்துங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. காற்றுக் குமிழ் ஒட்டியிருக்கக்கூடாது. இப்போது தராசு காட்டுவது, காசு இடம்பெயர்த்த நீரின் திணிவு. ஒரு கிராம் நீரின் கனவளவு ஒரு கன சென்ரிமீற்றர். எனவே அவ்வாசிப்பே காசின் கனவளவு. காசின் திணிவை அதனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். வகுப்பில் படித்த மேலுதைப்புதான் இது.

தூய வெள்ளியின் அடர்த்தி 10.49, செம்பு 8.96, ஈயம் 11.34. 12இல் 11 பங்கு வெள்ளியுள்ள ரூபாவுக்கு ஏறத்தாழ 10.3 வரவேண்டும். 1940 முதல் 1945 வரையான ரூபாக்களில் பாதியே வெள்ளி. அவற்றுக்கு ஏறத்தாழ 9.5. வெள்ளிபோல வெளுத்த பித்தளை வகைகளுக்கு 8.5 முதல் 8.8 வரை. ஈயத்தைக் கலந்து அடர்த்தியைச் சரிக்கட்டலாம். ஆனால் அந்தக் காசு மென்மையாகவும் ஒலி குன்றியும் இருக்கும். அதனால்தான் எந்தச் சோதனையையும் தனியே நம்பக்கூடாது. 10 சதம் போன்ற சிறு காசில் வாசிப்பின் சிறு பிழையும் பெரிதாகிவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அந்த மூன்று காசுகள்

முதற்காசு 1918ஆம் ஆண்டு ஐந்தாம் ஜோர்ஜ் ரூபா. நிறை 11.58 கிராம், நீரில் 1.12. அடர்த்தி 10.34. உண்மையானது, ஏறத்தாழ 10.6 கிராம் வெள்ளி உண்டு.

இரண்டாவது 1944ஆம் ஆண்டு ஆறாம் ஜோர்ஜ் ரூபா. நிறை 11.62, நீரில் 1.22. அடர்த்தி 9.52. இதுவும் உண்மையானதே. ஆனால் வெள்ளி 5.8 கிராம்தான். இவ்விரண்டுக்கும் ஒரே விலை சொன்னால் முதற்காசின் பாதி வெள்ளி இலவசமாகப் போய்விடும்.

மூன்றாவதில் விக்டோரியா அரசியின் உருவமும் 1862 என்ற ஆண்டும் இருந்தன. நிறை 10.20, நீரில் 1.18. அடர்த்தி 8.64. எழுத்துகள் மேடும் இடுக்கும் ஒன்றாக மழுங்கியிருந்தன. விளிம்பில் ஒட்டுக்கோடு ஓடியது. அது வெள்ளியல்ல, விக்டோரியா காலத்துக் காசும் அல்ல.

நிலையும் காவலும்

முதற்காசு மற்றவற்றைவிடப் பளபளவென்று இருந்தது. காரணத்தை அச்சிறுமியே சொன்னாள். விற்கப் போகிறோமே என்று உம்மா புளியும் சாம்பலும் போட்டு விளக்கியிருக்கிறார்.

காற்றிலுள்ள கந்தகச் சேர்வைகளால் வெள்ளியின்மேல் மெல்லிய வெள்ளி சல்பைட்டுப் படலம் உண்டாகும். ஆண்டுக்கணக்கில் படிந்த அந்தக் கருமை அழுக்கல்ல. சாம்பல் அதை நீக்கும்போது உலோகத்தையும் சுரண்டும். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது அரசனின் கன்னத்தில் ஒரே திசையில் ஓடும் நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் தெரிந்தன. சேகரிப்பவர்கள் இதைக் கண்டவுடன் காசை ஒதுக்கிவிடுவார்கள்; பிறகு அதற்கு உலோக விலை மட்டுமே. போன படலத்தை எவராலும் திருப்பித் தர முடியாது.

ஆகவே பெற்றோரே, விளக்காதீர்கள். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். காசுகள் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனிக் காகித உறையில் வையுங்கள். றப்பர் வளையம் போடாதீர்கள். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். மலிவான பிளாஸ்டிக் உறைகளும் நாளடைவில் பச்சைப் பிசினை விடும். விற்பதென்றால் முதலில் இரு புறமும் படமெடுத்து நிறையைக் குறித்துக்கொள்ளுங்கள். உரைகல்லில் உரைக்கவோ அரத்தால் அராவவோ விடாதீர்கள்.

சட்டத்தையும் அறிந்திருப்பது நல்லது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2க்கு முற்பட்ட காசுகளைத் தொல்பொருள்களாகக் கொள்கிறது. வயல் உழும்போதோ கிணறு தோண்டும்போதோ லாரின் போன்ற காசு கிடைத்தால் அது அரசுக்குரியது. அறிவிக்க வேண்டும்; மறைத்து விற்பதும் அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்புவதும் குற்றம். கிடைத்த இடத்தைக் கிளறாமல் விட்டால், அங்கிருந்து அறிய வேண்டியதை ஆய்வாளர்கள் அறிந்துகொள்வார்கள்.

உம்மும்மாவின் முடிவு

முடிவுகளைத் தாளில் எழுதி நானே அவ்வீட்டுக்குக் கொண்டுபோனேன். முதலிரண்டு காசுகளையும் பற்றிச் சொன்னபோது அவர் தலையசைத்துக் கேட்டார். மூன்றாவதைச் சொல்லத் தயங்கினேன். ஏனென்றால் பேத்தி வழியில் சொல்லியிருந்தாள்: அதுதான் மூத்தாப்பா மஹரோடு சேர்த்துக் கொடுத்த காசு, மூன்றிலும் உம்மும்மாவுக்குப் பிடித்தது அதுதான்.

ஆனாலும் சொன்னேன். சோதித்ததை மறைத்தால் சோதித்ததற்குப் பொருளில்லை.

அவர் காசைக் கையில் எடுத்துச் சற்று நேரம் பார்த்தார். "அவர் தெரிஞ்சு தந்திருக்க மாட்டார், மகள். யாரோ அவர ஏமாத்தியிருக்கான்" என்றார். பிறகு பேத்தியைப் பார்த்தார். "மற்ற ரெண்டையும் அதததுட வெள்ளிக்கேத்த விலைக்குக் குடுக்கச் சொல்லு வாப்பாட்ட. இது என்னோட இருக்கட்டும். எனக்குப் பிறகு நீங்க வித்தா, வெள்ளியில்ல எண்டு சொல்லித்தான் விக்கணும். நாங்களும் ஒருத்தர ஏமாத்தப்படாது."

தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்ற ஒரே சொல்தான். அன்று கூரைக்குப் பணம் தேவைப்பட்ட ஒரு வீட்டில் இரண்டையும் கண்டேன். உங்கள் வீட்டில் பழைய காசு இருந்தால் விளக்காமல் கொண்டு வாருங்கள். ஆய்வுகூடத்தில் சேர்ந்து நிறுத்துப் பார்ப்போம்.